விரல் தெரியாத தூரம்

கமராவுக்கு லென்ஸ் வாங்கப் போகிற எல்லோரும் முதலில் அதன் மில்லிமீற்றர் எண்ணைத்தான் பார்க்கிறார்கள். இருநூற்றைம்பதை விட முந்நூறு பெரிது, ஆகவே முந்நூறுதான் நல்லது என்று நினைக்கிறார்கள். அது பிழை. தூரத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்டுவது ஒன்று, தெளிவாகக் காட்டுவது இன்னொன்று. விலை குறைந்த லென்ஸில் இரண்டும் சேர்ந்து கிடைப்பது அபூர்வம். நமக்கு எது வேண்டும் என்று முதலே முடிவு செய்துகொண்டு கடைக்குப் போனால் ஏமாற மாட்டோம். நான் முடிவு செய்துகொண்டுதான் போனேன்.

நீங்கள் என் மருமகனைப் பற்றிக் கேட்டீர்கள், நான் லென்ஸைப் பற்றிக் கதைக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள் ஐயா, இரண்டும் ஒரே கதைதான். மரண விசாரணை முடிந்து, விபத்து என்று எழுதி, சாம்பலையும் கடலில் கரைத்த பிறகு ஏன் பொலிஸ் நிலையத்துக்கு வந்து நிற்கிறாய் என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பேன். அதற்கும் பதில் சொல்வேன், ஆனால் முறையாகச் சொல்ல விடுங்கள். பக்கத்தில் இருந்து எழுதுகிற தம்பி ஒன்றையும் விடாமல் எழுதட்டும். என் மகள் சுதர்சிகாவின் பெயர் வருகிற இடங்களைக் கட்டாயம் எழுத வேண்டும்.

என் பெயர் யோகலிங்கம். சல்லிக் கிராமத்தில் வலைச் சொந்தக்காரர் கதிராமன் சம்மாட்டியாரின் கரைவலையில் எனக்குப் பாறைமேல் வேலையாக இருந்தது. கரைவலையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தோணி வலையைக் கடலில் அரைவட்டமாக விட்டுவிட்டுத் திரும்பி வரும், இரண்டு பக்கமும் ஆட்கள் கரையில் நின்று கயிற்றை இழுப்பார்கள். இழுக்கிறவர்களுக்கு முன்னால் இருக்கிற அலைதான் தெரியும், அதற்கு அப்பால் ஒன்றும் தெரியாது. அதனால் கரையோரப் பாறையில் ஒருவன் நின்று மீன் கூட்டம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று துணியால் காட்டுவான். அவன் காட்டினால் இழுப்பார்கள், அவன் காட்டினால் நிற்பார்கள். என் வாலிப வயதிலிருந்து அந்த ஒருவன் நான்தான்.

எங்கள் கடலடியில் கல் உண்டு. வலை கல்லில் மாட்டிவிட்டால் இழுக்க ஏலாது, கிழிந்துவிடும். அப்போது சிவப்புத் துணி கட்டிய தடியைப் பாறை வெடிப்பில் செருகி நிறுத்துவேன். இழுப்பு நிற்கும். மூழ்கி வேலை செய்கிற சுழியோடி ஒருவன் நீந்திப் போய்க் கீழே இறங்கி, கல்லுக்கும் வலைக்கும் நடுவில் கையை விட்டு வலையைக் கழற்றுவான். ஒரே மூச்சில் முடியாது. மூச்சு வாங்க மேலே வருவான், திரும்பவும் போவான். மேலே வரும்போதெல்லாம் பாறையைப் பார்த்துக் கையை உயர்த்துவான். மூடிய கை என்றால் வேலை முடியவில்லை, திரும்பப் போகிறேன் என்று பொருள். விரித்த கை என்றால் முடிந்தது, வலையை விட்டு விலகிவிட்டேன், இழுக்கலாம். விரித்த கையைக் கண்டதும் நான் தடியை எடுப்பேன். துணி இறங்கினால் கரையில் நிற்கிற அத்தனை பேரும் ஒன்றாக இழுப்பார்கள். ஏன், எதற்கு என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

அந்தச் சுழியோடிதான் என் மருமகன் நிசாந்தன். அவனைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். குடிக்க மாட்டான், வாய் காட்ட மாட்டான், முதல் பாரை மீனை எனக்குத்தான் கொண்டு வந்து தருவான். தாய் தகப்பன் இல்லாதவன், சொந்தமாக ஒரு வீடும் இல்லை. அதனால்தான் அவனைத் தேர்ந்தெடுத்தேன். கலியாணம் முடிந்தாலும் பிள்ளை என் வீட்டிலேயே இருப்பாள்.

என் மனைவி ஞானமணி இறந்துபோனபோது சுதர்சிகா சின்னப் பிள்ளை. இன்னொரு கலியாணம் கட்டச் சொல்லி எல்லோரும் சொன்னார்கள், நான் கேட்கவில்லை. அவளுக்குத் தலை பின்னவும் பள்ளிக்கூட உடுப்புத் தைக்கவும் பழகினேன். நான் குசினியில் சமைக்க, அவள் பக்கத்தில் பலகையில் இருந்து அன்றைக்கு நடந்ததையெல்லாம் சொல்வாள். அவள் எங்கே போகிறாள், யாரோடு கதைக்கிறாள் என்று எனக்குத் தெரியாத நாளே இல்லை. பாறையில் நின்றால் எங்கள் வீட்டு வாசலும் தெரியும். இவ்வளவு அன்பாகப் பெண்பிள்ளை வளர்த்த தகப்பன் சல்லியில் வேறு யாரும் இல்லை, விசாரித்துப் பாருங்கள்.

போன வருடம், மழைக்காலம் முடிகிற நேரம், ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவள் சொன்னாள்.

"அப்பா, நாங்கள் கனடாவுக்குப் போகப் போறம். வயசான ஆக்களைப் பராமரிக்கிற வேலை. நான் ரவுணில படிச்ச படிப்புக்கு எடுப்பினமாம். அவரையும் கூட்டிக்கொண்டு போகலாம்."

நிசாந்தன் சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடியே இருந்தான், தலையை நிமிர்த்தவில்லை. எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. என் பிள்ளை தானாக இப்படி நினைக்க மாட்டாள், இவன்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறான். குற்றம் உள்ளவன்தானே நிமிர்ந்து பார்க்க மாட்டான்.

நான் சத்தம் போடுகிற ஆள் இல்லை. "நல்ல விசயம் மகள், போயிட்டு வாங்கோ" என்றேன். அவளுடைய கோப்பையில் இன்னொரு துண்டு மீனும் வைத்தேன். உள்ளுக்குள் எனக்குப் பயமாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். அவள் இல்லாத வீட்டை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் என் கண் மங்குகிறது என்று கரையில் சொல்லத் தொடங்கினேன். உண்மையில் என் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை ஐயா. கிட்ட உள்ளதை வாசிக்கக் கண்ணாடி வேண்டும், தூரத்துப் பார்வை இன்றைக்கும் வாலிபனுடையதுதான். ஆனால் மீன் இல்லாத இடத்தில் மீன் என்று இரண்டு தரம் துணியைக் காட்டினேன். வலை வெறுமையாக வந்தது. சம்மாட்டியார் எல்லோருக்கும் முன்னால் என்னை ஏசினார். நான் தலையைக் குனிந்துகொண்டு, ஒரு கமராவும் தூரத்து லென்ஸும் வாங்கி வைத்துக்கொள்கிறேன் என்றேன்.

"கண் தெரியாட்டித் தொலைநோக்கி ஒண்டு வாங்கன் யோகம், உனக்கென்னத்துக்குக் கமரா? கலியாண வீட்டுக்குப் படம் எடுக்கப் போறியோ?" என்று கேட்டார்.

"தொலைநோக்கியில கண்டது எனக்கு மட்டும்தான் தெரியும் சம்மாட்டியார். கமராவில கண்டதை உங்களுக்கும் காட்டலாம். பிறகு நான் பொய் சொன்னனான் எண்டு நீங்கள் சொல்ல ஏலாது" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ரோசம் வந்துவிட்டது என்று நினைத்தார்கள். நீங்களும் அன்றைக்கு மரண விசாரணையில் அதே கேள்வியைக் கேட்டீர்கள், நானும் அதே பதிலைத்தான் சொன்னேன்.

முதலில் பழைய கமரா ஒன்றைக் கைமாறி வாங்கினேன். லென்ஸுக்கு ரவுணுக்குப் போனேன். சுதர்சிகாவையும் கூட்டிக்கொண்டு போனேன், அதை எழுதிக்கொள்ளுங்கள். பஹ்மி என்கிற பிள்ளை கமரா திருத்துகிற, பழைய லென்ஸ் விற்கிற சின்னக் கடை வைத்திருக்கிறான். நேர்மையானவன். அவனுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இரண்டு லென்ஸை எடுத்து மேசையில் வைத்தான். ஒன்று இருநூற்றைம்பது வரை போவது, மற்றது முந்நூறு.

"அண்ணன், நம்பரைப் பார்த்து ஏமாறாதீங்க" என்றான். "இந்த முந்நூறு பழைய சாமான். கடைசி வரைக்கும் இழுத்தா படம் மங்கிப் போகும். கை கொஞ்சம் ஆடினாலும் அவ்வளவுதான். இந்த இருநூற்றைம்பதுல கை நடுக்கத்தைச் சமாளிக்க உள்ளுக்கே ஏற்பாடு இருக்கு. பாறையில நின்டு எடுக்கிறதுக்கு இதுதான் சரி. விலையும் கொஞ்சம்தான் கூட."

இரண்டையும் கொண்டுபோய் எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். அவனுக்கு என்னில் நம்பிக்கை. "கொண்டு போங்க. துறைமுகப் பக்கம் மட்டும் திருப்பிடாதீங்க, நேவிக்காரர் லென்ஸோட உங்களையும் கொண்டு போயிடுவாங்க" என்று சிரித்தான்.

நானும் மகளும் டச்சுபே கடற்கரைக்குப் போனோம். வழியில், ரவுணுக்குள் திரிகிற மான்களில் ஒன்று சுவரொட்டியைக் கடித்துக்கொண்டு நின்றது, அதைத்தான் முதலில் எடுத்தேன். கிட்ட நிற்கிற மானை எந்த லென்ஸும் நன்றாகத்தான் எடுக்கும். பிறகு சுதர்சிகாவைக் கடற்கரை வழியே தூரத்துக்கு நடக்கச் சொன்னேன். எங்கள் பாறைக்கும் வலைக்கும் உள்ள தூரம் எனக்குக் கண்ணளவில் தெரியும். அந்தத் தூரம் வந்ததும் நிற்கச் சொல்லிக் கையைக் காட்டினேன். ஒரு தரம் கையை விரித்துக் காட்டு, ஒரு தரம் மூடிக் காட்டு என்று முதலே சொல்லி அனுப்பியிருந்தேன். அவள் நின்று காட்டினாள். காற்றில் சால்வை பறந்தது, சிரித்துக்கொண்டிருந்தாள். விளையாட்டு என்று நினைத்தாளோ தெரியாது.

இருநூற்றைம்பதில் அவளுடைய விரல்களை எண்ணலாம். கையில் போட்டிருந்த காப்புக் கூடத் தெரிந்தது. முந்நூறில் ஆள் பெரிதாகத் தெரிந்தாள், கை உயர்ந்திருப்பது தெரிந்தது, ஆனால் விரித்த கையும் மூடிய கையும் ஒரே மாதிரி ஒரு கறுப்புப் பொட்டாக இருந்தன. திரும்பத் திரும்பப் பார்த்தேன். இரண்டு படத்தில் எது எது என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

முந்நூறை எடுத்தேன்.

பஹ்மிக்கு அது பிடிக்கவில்லை. "அண்ணன், நான் சொன்னேனே, படம் தெளிவில்லையே" என்றான். இது போதும் தம்பி என்றேன். சுதர்சிகாவும் சொன்னாள், நல்லதையே வாங்குங்கோ அப்பா என்று. பஸ்ஸில் வரும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கட பயணச் செலவுக்காகத்தானே அப்பா மிச்சம் பிடிக்கிறீங்கள்?" என்றாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஓம் மகள்" என்றேன். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கையைப் பிடித்தது போல அன்றைக்குத்தான் பிடித்தாள். எனக்கு மிகவும் சந்தோசமாக இருந்தது.

அந்தப் பருவம் முழுவதும் நான் படம் எடுத்தேன். மீன் கூட்டத்தை, தோணியை, நிசாந்தன் தண்ணீருக்கு மேலே வருவதை, எல்லாவற்றையும் எடுத்தேன். மாலையில் கரையில் உள்ள வாடிக் கொட்டிலில் எல்லோருக்கும் காட்டுவேன். படங்கள் மோசம் என்பது ஊருக்கே தெரிய வேண்டும் அல்லவா. நாளைக்கு ஒரு நாள் ஒரு மங்கல் படத்தை நீட்டினால், இதுமட்டும் ஏன் மங்கல் என்று யாரும் கேட்கக் கூடாது.

"யோகண்ணை, இது மீனோ, மீனிட ஆவியோ?" என்று இழுக்கிற பெடியள் பகிடி பண்ணுவார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து சிரிப்பேன். மற்ற எல்லோரையும் விட நிசாந்தன்தான் குறைவாகச் சிரித்தான். அவனுக்கு என்னில் பரிதாபம்.

வலை கல்லில் மாட்டுவது எல்லா நாளும் நடப்பதில்லை. மாட்டினாலும் சில நேரம் ஒரே மூச்சில் கழற்றிவிடுவான். சில நேரம் தோணி பக்கத்திலேயே நிற்கும், தோணியில் இருப்பவனுக்கு எல்லாம் தெரியும். நான் அவசரப்படவில்லை. மீன் பார்க்கிற வேலையில் பழகியது பொறுமைதானே.

ஆனால் ஒரு நாள் வலை காயப் போடும்போது நிசாந்தன் வந்து பக்கத்தில் நின்றான்.

"மாமா, பஹ்மி நானாட்டக் கேட்டனான். அந்த மற்ற லென்ஸ் இன்னும் கடையில இருக்காம். நாங்கள் போறதுக்கு முன்னம் உங்களுக்கு அதை வாங்கித் தாறன். உங்களுக்குச் சரியாத் தெரிஞ்சாத்தானே எனக்கும் கீழ பயமில்லாம நிக்கலாம்."

"என்னத்துக்கு மருமகன் வீண் செலவு" என்றேன்.

"செலவைப் பற்றி யோசிக்காதேங்கோ. நான் சொல்லி வச்சிட்டன்" என்றான்.

அவன் அப்படித்தான், ஒன்றைச் சொன்னால் செய்துவிடுவான். நல்ல லென்ஸ் கையில் வந்தால் நான் மங்கலாகப் படம் எடுக்க ஏலாது. அதனால் இனிப் பொறுத்திருக்க எனக்கு வசதியில்லை. அவனே என்னை அவசரப்படுத்தினான் என்றுதான் சொல்ல வேண்டும்.

அடுத்த கிழமை வலை மாட்டியது. காலை நேரம், நல்ல வெயில், கடல் அமைதி. தோணி கரைக்கு வந்துவிட்டது. சுதர்சிகா தேத்தண்ணீர் கொண்டு வந்து, மீன் தரம் பிரிக்க வந்த பெண்களோடு கரையில் நின்றாள். எழுதிக்கொள்ளுங்கள், அவள் அங்கே நின்றாள். நான் தடியை வெடிப்பில் செருகினேன். இழுப்பு நின்றது. நிசாந்தன் நீந்திப் போனான்.

முதல் தரம் மேலே வந்து மூடிய கையைக் காட்டினான். இரண்டாம் தரமும் மூடிய கைதான். கமராவைச் சரிசெய்துகொண்டேன். தூரத்துப் படம் எடுக்கும்போது கமராவின் ஷட்டர் வேகத்தைக் கூட்டி வைத்தால் கை ஆடினாலும் படம் கலங்காது என்று பஹ்மி சொல்லித் தந்திருந்தான். நான் குறைத்து வைத்தேன். மூன்றாம் தரம் வந்தபோது களைத்திருந்தான், மூச்சு வாங்குவது தெரிந்தது. கையை உயர்த்தினான். வெறுங்கண்ணால் பார்த்தேன், மூடிய கை. கமராவை எடுத்து, முழுவதும் இழுத்து, படத்தை எடுத்தேன். அவன் கீழே போனான்.

அவன் இறங்கி, வலைக்குள் கையை விடுகிற அளவுக்கு நேரம் கொடுத்தேன். பிறகு தடியை எடுத்தேன்.

கரையில் வலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டைத் தொடங்கினார்கள். எல்லோரும் சேர்ந்து பின்னால் சாய்ந்து இழுத்தார்கள். வலை முதலில் இறுகி நின்றது, பிறகு விட்டுக்கொடுத்தது. அப்படி இறுகும்போது உள்ளே இருக்கிற கை வெளியே வராது, சுழியோடிகள் எல்லோரும் அதற்குத்தான் பயப்படுவார்கள். அன்றைக்கு மீனும் நிறைய, சூடையும் பாரையுமாக வந்தது. மீனோடு நிசாந்தனும் கரைக்கு வந்தான்.

பாட்டு நின்ற பிறகுதான் சத்தம் கேட்டது. சுதர்சிகா ஓடிப் போனாள். விழுந்து அவனைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு எழும்பி, திரும்பி, பாறையை நிமிர்ந்து பார்த்தாள். ஆள் எனக்கு வடிவாகத் தெரிந்தது, முகத்தில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. கமராவை எடுத்துப் பார்த்தேன். பெரிதாகியது, தெளிவாகவில்லை. அழுகிறாளா, இல்லை என்னைத்தான் பார்க்கிறாளா என்று சொல்ல ஏலவில்லை. மற்ற லென்ஸை வாங்கியிருக்கலாம் என்று அந்த ஒரு நேரம்தான் நினைத்தேன்.

மரண விசாரணையில் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். கையை விரித்துக் காட்டினான் என்று நினைத்துத் துணியை இறக்கினேன் என்றேன். படத்தை அச்சிட்டுக் கொடுத்தேன். அது ஆள் ஆளாகக் கைமாறிப் போனது. சிலர் விரித்த கை என்றார்கள், சிலர் மூடிய கை என்றார்கள், பெரும்பாலானோர் தெரியவில்லை என்றார்கள். நீங்களும் வாங்கி, யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தீர்கள். பார்த்துவிட்டு, பாவம் என்று சொன்னீர்கள், எனக்குக் கேட்டது. கண் தெரியாத மனிசனை ஏன் பாறையில் ஏற்றினீர் என்று விசாரணை அதிகாரி சம்மாட்டியாரைத்தான் ஏசினார். சம்மாட்டியார் வெளியில் வந்து என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். எல்லோரும் என்மேல் மிகவும் இரக்கமாக இருந்தார்கள்.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள் நல்ல மாதங்கள். இப்படிச் சொல்வது உங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும், ஆனால் உண்மையைத்தானே கேட்கிறீர்கள். வேலையை விட்டுவிட்டேன். வீட்டில் நானும் பிள்ளையும் மட்டும். நான் சமைப்பேன், அவள் கதிரையில் இருப்பாள். முந்தி மாதிரிக் கதைக்க மாட்டாள், ஆனால் இருந்தாள். ஒரு நாள் தலை பின்னி விடட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றாள். துக்கம் ஆறக் கொஞ்சம் காலம் எடுக்கும், அது இயல்பு. நான் வற்புறுத்தவில்லை.

இடையில் ஒரு நாள் பஹ்மி வீட்டுக்கு வந்தான், அந்த இருநூற்றைம்பதோடு. நிசாந்தன் தம்பி முழுக் காசும் தந்திட்டுத்தான் போனவர், இது உங்கட சாமான் என்று கையில் தந்தான். அவன் அழுதான். நான் நன்றி சொல்லித் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பினேன். பிறகு அதைக் கமராவில் பூட்டிப் பார்த்தேன். அருமையான லென்ஸ். சுதர்சிகா கடைக்குப் போகிற நேரம் பாறைக்குப் போய்ப் பார்ப்பேன். யாரோடு நின்று கதைக்கிறாள், வழியில் அழுகிறாளா, எல்லாம் தெரிந்தது. அவளிடம் இதை நான் சொல்லவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் என்னைக் கூப்பிட்டு இருக்கச் சொன்னாள்.

"அப்பா, எனக்கு விசா வந்திட்டுது."

"யாருக்கு?"

"எனக்கு. தனிய எண்டாலும் வரச் சொல்லி எழுதினவை. வெள்ளிக்கிழமை பிளேன்."

"அவன்தானே உன்னைக் கூட்டிக்கொண்டு போக நிண்டவன். அவனே இல்லாம நீ ஏன் மகள் போக வேணும்?"

என்னை நேராகப் பார்த்தாள். அந்த மாதங்களில் அவள் என்னை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அவர் இல்ல அப்பா. போக வேணும் எண்டு நிண்டது நான். அவர் முதல்ல மாட்டன் எண்டுதான் சொன்னவர். மாமாவைத் தனிய விட்டுட்டு எப்பிடிப் போறது எண்டு ஒவ்வொரு நாளும் கேட்டவர். நான்தான் அழுது பிடிவாதம் பிடிச்சு ஓம் எண்டு சொல்ல வச்சனான்."

"ஏன் மகள்? உனக்கு இஞ்ச என்ன குறை?"

"இந்த வீட்டில எனக்கு மூச்சு விட ஏலாம இருக்கு அப்பா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு எழும்பிப் போய் உடுப்புகளை மடிக்கத் தொடங்கினாள்.

எனக்குக் கவலையாகத்தான் இருந்தது. ஒரு நல்ல பிள்ளையைப் பற்றிப் பிழையாக நினைத்துவிட்டேன். அவன் அன்றைக்குக் கோப்பையைப் பார்த்தபடி இருந்தது எனக்காகத்தான் என்று இப்போது விளங்குகிறது. உயிரோடு இருந்திருந்தால் இன்னும் கொஞ்சம் மறித்துப் பார்த்திருப்பான். அது நடந்து முடிந்தது, அதற்கு நான் என்ன செய்ய. மூச்சு விட ஏலாது என்று அவள் சொன்னதை நான் பெரிதாக எடுக்கவில்லை. துக்கத்தில் இருக்கிற பிள்ளை எதையும் சொல்லும்.

இரண்டு நாள் யோசித்தேன். கட்டளை போட்டு மறிக்க அவள் சின்னப் பிள்ளை இல்லை. காலில் விழுந்தாலும் கேட்க மாட்டாள். அதனால் இன்றைக்குக் காலை குளித்து, வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு உங்களிடம் வந்தேன். நிசாந்தனைக் கொன்றது நான். கை மூடியிருந்ததைக் கண்டுதான் துணியை இறக்கினேன். எங்கே கையெழுத்து வைக்க வேண்டுமோ அங்கே வைக்கிறேன்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள் ஐயா. நாளைக்கு என்னுடைய சட்டத்தரணி, இந்தக் கிழவன் துக்கத்தில் புத்தி பேதலித்து உளறுகிறான் என்று சொல்லலாம். படத்தில் ஒன்றும் தெரியாது. பஹ்மி கடைக்குள்தான் இருந்தான், டச்சுபேயில் நடந்தது அவனுக்குத் தெரியாது. விரித்த கையையும் மூடிய கையையும் வைத்து நான் சோதித்ததையும், இரண்டும் ஒன்று போலத் தெரிகிற லென்ஸைத்தான் வேண்டுமென்று எடுத்ததையும் சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் ஒருத்திதான். சுதர்சிகா இல்லாமல் இந்த வழக்கு நிற்காது.

கொலை வழக்கின் முக்கிய சாட்சி நாட்டை விட்டுப் போக ஏலாதுதானே? நீதவானிடம் சொல்லி இன்றைக்கே அவளுடைய கடவுச்சீட்டை வாங்கி வைக்கச் சொல்லுங்கள், வெள்ளிக்கிழமைக்கு அதிக நாள் இல்லை. வழக்கு எத்தனை வருடம் இழுபட்டாலும் எனக்கு அவசரமில்லை. தவணைக்குத் தவணை அவள் வரத்தான் வேண்டும், வந்து என் முன்னால் நிற்கத்தான் வேண்டும்.

வீட்டுக்குப் போகும்போது மெதுவாகச் சொல்லுங்கள், பிள்ளை பயந்துவிடுவாள். அப்பா எங்கேயும் போகவில்லை, இங்கே பொலிஸ் நிலையத்தில்தான் இருக்கிறார் என்று சொல்லுங்கள். அவளும் இனி எங்கேயும் போகத் தேவையில்லை என்று சொல்லுங்கள்.